கிருமிக்கிரந்தியும் இமையழற்சியும்: ஒரு நோய்ப்பெயர்ப் பொருத்தத்தின் வரலாறு

1. முன்னுரை

பண்டைய மருத்துவ நூல்களில் காணப்படும் நோய்ப்பெயர்களுக்கு இன்றைய மருத்துவப் பெயர்களைப் பொருத்திக் காட்டும் வழக்கம் கடந்த நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தியவியல் ஆய்வில் நிலைபெற்றுள்ளது. இப்பொருத்தங்களுள் சில உறுதியானவை, சில ஐயத்திற்குரியவை, வேறு சில ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்தாண்டு வழிவழியாக வந்தமையால் மட்டுமே உண்மைபோல் நிலைத்துவிட்டவை. வகுப்பறையில் தமிழர் மருத்துவ மரபையோ இந்திய அறிவியல் மரபையோ கற்பிக்கும் ஆசிரியர்கள் இம்மூன்றையும் பிரித்தறிய வேண்டிய நிலையில் இருக்கின்றனர்.

இக்கட்டுரை அத்தகைய பொருத்தம் ஒன்றனை எடுத்துக்கொண்டு ஆராய முற்படுகின்றது. சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரத்தில் 'கிருமிக்கிரந்தி' என்னும் கண்ணோய் கூறப்படுகின்றது. இன்றைய ஆயுர்வேதப் பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இச்சொல் 'இமையழற்சி' என்று பெயர்க்கப்படுவதைப் பரவலாகக் காணலாம். இமைமயிரின் வேர்ப்பையில் வாழும் டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய சிலந்திப்பேன் இமையழற்சிக்குக் காரணங்களுள் ஒன்றாகும் என்ற செய்தி பரவிய பின்னர், இப்பொருத்தம் மேலும் வலுவடைந்தது. நுண்ணோக்கி தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இமையிலுள்ள கிருமியை நம் முன்னோர் கண்டறிந்தனர் என்ற கூற்றும் இதனோடு சேர்ந்து எழுந்தது.

இக்கூற்று எந்த அளவிற்கு ஏற்புடையது? ஏற்புடையதன்று எனில், இமையழற்சியின் வரலாற்றில் அந்நூலுக்கு உரிய இடம் யாது? இவ்விரு வினாக்களுக்கும் நூலின் வருணனை, அந்நூலே விதிக்கும் மருத்துவமுறை, நோயின் இன்றைய விளக்கம் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கி விடை காண்பது நம் நோக்கமாகும்.

2. இமையழற்சி: இன்றைய விளக்கம்

ஒப்பீட்டிற்கு முன் நோயை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். இமையழற்சி என்பது இமையின் விளிம்பில் தோன்றும் அழற்சியாகும். பெரும்பாலும் இரு கண்களிலும் காணப்படும். இமைவிளிம்பு சிவத்தல், அரிப்பு, எரிச்சல், மணல் விழுந்தாற் போன்ற உறுத்தல், இமைமயிரின் அடியில் செதில் படிதல், காலையில் விழிக்கும்போது பீளையால் இமைகள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியன இதன் குறிகள். இந்நோய் நாட்பட்டது, தணியும், மீண்டும் வரும். பொதுவாகப் பார்வையைப் பறிப்பதில்லை. ஆயினும் கவனியாது விட்டால் இமைமயிர் உதிர்தல், மயிர் உட்புறம் திரும்பி விழியை உராய்தல், கருவிழியில் புண் உண்டாதல் ஆகியவற்றில் கொண்டுபோய் விடலாம்.

இந்நோய் இமையின் முன்விளிம்பு, பின்விளிம்பு என இருவகையாகப் பகுக்கப்படுகின்றது. முன்விளிம்பு அழற்சி இமைமயிரின் அடியைச் சார்ந்தது. தோலில் இயல்பாக வாழும் ஸ்டேஃபிலோகாக்கஸ் நுண்ணுயிர்களும், பொடுகை உண்டாக்கும் தோல்நிலையும், டெமோடெக்ஸ் பேன்களும் அதற்குக் காரணமாகலாம். பின்விளிம்பு அழற்சி இமைக்குள் அமைந்துள்ள நெய்ச்சுரப்பிகளைச் சார்ந்தது. மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும், கீழிமையில் ஏறத்தாழ 20 முதல் 30 வரையும் இச்சுரப்பிகள் வரிசையாக உள்ளன. இவை சுரக்கும் நெய்மம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, கண்ணீர் விரைந்து உலர்ந்துவிடாமல் காக்கின்றது. அழற்சியால் நெய்மம் கெட்டிப்பட்டு வாயில்கள் அடைபடும்போது கண் உலர்கின்றது. உலர்ந்த கண் மேலும் அழற்சியுறுகின்றது. அடைப்பு ஓரிடத்தில் மிகுமாயின் அங்கு வலியற்ற கட்டி தோன்றுகின்றது.

3. இவ்விளக்கம் உருவான வழி

இவ்விளக்கம் ஒரே நாளில் தோன்றியதன்று. கிரேக்கர் இமையைக் குறிக்க வழங்கிய சொல்லிலிருந்தே இந்நோயின் மேலைப் பெயர் பிறந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியரான செல்சஸ் தம் மருத்துவ நூலின் ஆறாம் பகுதியில் கண்ணோய்களை விரிவாகக் கூறுமிடத்தில், இமைமயிர்களுக்கிடையே பேன் தோன்றும் நோய் ஒன்றனைக் குறிப்பிடுகின்றார். அது வெறுங்கண்ணுக்குப் புலப்படும் பேன் என்பது நம் கருத்திற் கொள்ளத்தக்கது. பின்னர் பாக்தாதில் வாழ்ந்த அலி இபின் ஈசா கண் மருத்துவத்திற்கென்றே இயற்றிய நூலில் புலப்படும் நோய்களை இமையிலிருந்து தொடங்கி உள்நோக்கி வரிசைப்படுத்துகின்றார்.

1666இல் செருமனியின் ஹெல்ம்ஸ்டெட் நகரில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய ஹைன்ரிக் மெய்போம் இமையின் நெய்ச்சுரப்பிகளை விரிவாக விளக்கி வெளியிட்டார். அச்சுரப்பிகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. எனினும், அவற்றின் செயற்குறையே இமை நோய்க்கு ஒரு தனிக்காரணம் என்னும் கருத்து நிலைபெற முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. 1980இல் கோர்ப், என்றிக்கே ஆகிய இருவரும் மெய்போமியன் சுரப்பிச் செயற்குறையைத் தொடுவில்லை பொருந்தாமையோடு தொடர்புபடுத்தி எழுதினர். 1982இல் மெக்கலி முதலானோர் நாட்பட்ட இமையழற்சிக்கு விரிவான பகுப்பு ஒன்றனை அளித்தனர். இதற்கு முன் 1946இல் தைகெசன் வகுத்த பகுப்பே பெரிதும் ஆளப்பட்டு வந்தது. 2011இல் இச்சுரப்பிச் செயற்குறை பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கின் அறிக்கை வெளிவந்தது.

டெமோடெக்ஸின் வரலாறு இதற்கு இணையாகச் செல்கின்றது. 1841இல் ஹென்லே அதனைக் கண்டார். 1842இல் பெர்லின் தோல் மருத்துவரான குஸ்தாவ் சைமன் முகப்பருக்களிலிருந்து எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து விளக்கினார். 1843இல் ரிச்சர்ட் ஓவன் பெயரிட்டார். 'கொழுப்பு', 'துளைக்கும் புழு' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அமைத்த பெயர் அது. உண்மையில் அது புழுவன்று. எட்டுக் கால்களையுடைய, சிலந்தியினத்தைச் சார்ந்த பேன். இமைமயிரின் வேர்ப்பையில் வாழும் வகை ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் நீளமுடையது. நெய்ச்சுரப்பியில் வாழும் மற்றொரு வகை அதனினும் சிறியது. இவ்விரண்டாம் வகை 1963இல் அக்புலதோவா என்பவரால் தனியாகப் பிரித்தறியப்பட்டது. இப்பேனை இமையழற்சியோடு இணைத்து 1899இல் ரேல்மானும், 1967இல் காஸ்டனும் எழுதினர். இமைமயிரின் அடியில் குழல்போல் சூழ்ந்து படியும் செதிலுக்கும் இப்பேனுக்கும் உள்ள நெருங்கிய தொடர்பை 2005இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. இந்நோய்க்கெனவே உருவாக்கப்பட்ட லோட்டிலானர் என்னும் சொட்டு மருந்திற்கு 2023இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

இங்கு ஒன்றனை மறத்தல் கூடாது. இப்பேன் நலமுடையோர் பலரிடத்தும், குறிப்பாக முதியோரிடத்தும் வாழ்கின்றது. அது இருப்பதாலேயே நோய் உண்டு என்று கூறிவிட முடியாது. அதன் பெருக்கமும் உடலின் எதிர்வினையும் சேர்ந்தே நோயாகின்றன. 'கிருமி உண்டு, ஆகவே நோய் உண்டு' என்னும் எளிய வாய்பாடு இங்குப் பொருந்துவதில்லை.

4. உத்தரதந்திரத்தின் பகுப்பு

சுசுருத சங்கிதையின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதன் இறுதிப் பகுதியாகிய உத்தரதந்திரம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பது பலர் கொள்ளும் முடிவு. எனினும், உத்தரதந்திரத்தையும் உள்ளடக்கிய நேபாளச் சுவடி ஒன்று கி.பி. 878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆகவே அதற்கு முன்பே இப்பகுதி நூலோடு இணைந்திருந்தமை தெளிவு.

உத்தரதந்திரம் கண்ணோய்களை 76 எனக் கணக்கிடுகின்றது. சந்திகளில் 9, இமையில் 21, வெண்விழியில் 11, கருவிழியில் 4, கண் முழுவதும் 17, பார்வையில் 12, புறக்காரணத்தால் 2 என்பது அதன் இடவாரியான பகுப்பு. இமை நோய்களே எண்ணிக்கையில் மிகுந்தவை. சித்த மருத்துவ மரபு கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு எனக் கொள்ளும். எண் வேறுபடினும், இடத்தைக் கொண்டு நோயை வகுக்கும் முறை இரு மரபுகளுக்கும் அயலானதன்று.

இப்பகுப்போடு நில்லாமல், அதே நூல் இந்த 76 நோய்களையும் மருத்துவமுறையைக் கொண்டு மீண்டும் ஒருமுறை பகுக்கின்றது. வெட்டி நீக்கத்தக்கவை 11, சுரண்டத்தக்கவை 9, கீறித் திறக்கத்தக்கவை 5, குத்தி இரத்தம் வாங்கத்தக்கவை 15, கருவி படாமல் மருந்தால் தீர்க்கத்தக்கவை 12, முற்றத் தீராதெனினும் மருத்துவத்தால் தாங்கிப் பிடிக்கத்தக்கவை 7, தீராதவை 15, எஞ்சிய இரண்டு புறக்காரணத்தால் வருபவை. இவ்விரண்டாம் பகுப்பே நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுகின்றது. ஒரு நோயின் வருணனை எத்துணைச் சுருக்கமாக இருப்பினும், அதற்கு என்ன செய்யச் சொன்னார்கள் என்பதைக் கொண்டு அவர்கள் கண்முன் இருந்தது எத்தகைய நோய் என்று ஓரளவு உய்த்துணரலாம்.

5. கிருமிக்கிரந்தி: மூன்று தடைகள்

கிருமிக்கிரந்தி இமை நோய்களுள் வைக்கப்படவில்லை. சந்தி நோய்கள் ஒன்பதனுள் வைக்கப்பட்டுள்ளது. இமையும் மயிரும் கூடுமிடத்தில் தோன்றும் கிருமிகள் அரிப்பை உண்டாக்கும் என்பது அதன் வருணனையின் முற்பகுதி. இதனைப் படித்தவுடன் டெமோடெக்ஸ் நினைவிற்கு வருவது இயல்பே. இடம் பொருந்துகின்றது, அரிப்பு பொருந்துகின்றது, கிருமி என்ற சொல்லும் பொருந்துகின்றது. இரண்டையும் ஒன்றாகக் கொள்வோர் பெரும்பாலும் இம்முற்பகுதியோடு நின்றுவிடுகின்றனர்.

ஆனால் வருணனை அங்கு முடிவதில்லை. அக்கிருமிகள் பல்வேறு வடிவினவென்றும், இமையும் வெண்விழியும் கூடுமிடத்தில் ஊர்ந்து சென்று கண்ணின் உட்பகுதியைக் கெடுக்குமென்றும் பிற்பகுதி கூறுகின்றது. இது முதல் தடை. டெமோடெக்ஸ் மயிரின் வேர்ப்பையிலும் சுரப்பியிலும் அடங்கி வாழ்வது. விழியினுள் புகுந்து அதனை அழிப்பதன்று. பல்வேறு வடிவின என்ற அடையும் அதற்குப் பொருந்தவில்லை.

பெயரே இரண்டாம் தடை. 'கிரந்தி' என்பது முடிச்சு, கட்டி எனப் பொருள்படும். திரண்டு நிற்கும் ஒரு புடைப்பையே அச்சொல் சுட்டுகின்றது. டெமோடெக்ஸால் வரும் இமையழற்சியின் சிறப்புக்குறி கட்டியன்று. மயிரடியில் படியும் குழல்வடிவச் செதிலே அதன் அடையாளம்.

மூன்றாம் தடையே எல்லாவற்றினும் வலியது. மருத்துவமுறைப் பகுப்பில் கிருமிக்கிரந்தி கீறித் திறக்கத்தக்க ஐந்தனுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. அதனோடு அவ்வைந்தனுள் இடம்பெறுவனவற்றுள் லகணம், அஞ்சனநாமிகை ஆகியனவும் அடங்கும். இமைவிளிம்பு முழுவதும் பரவிய நாட்பட்ட அழற்சியைக் கீறித் திறப்பதில் பொருளில்லை. ஒற்றடமிட்டு, கீறி, பின்னர் மருந்திடத்தக்க ஒரு கட்டியைத்தான் நூலாசிரியர் கண்டிருத்தல் வேண்டும்.

வெறுங்கண்ணால் காண இயலாத ஒன்றனை அவர்கள் எவ்வாறு கண்டிருக்கக்கூடும் என்ற வினாவும் இங்கு எழுகின்றது. அரிப்புள்ள இடத்தில் கிருமி இருத்தல் வேண்டும் என்னும் அக்கால மருத்துவக் கோட்பாட்டிலிருந்து அவ்வாறு கூறியிருக்கலாம். செல்சஸ் கண்டதுபோல் இமைமயிரில் ஒட்டும் பேனையோ, ஈ முட்டையிடுவதால் கண்ணில் தோன்றும் புழுக்களையோ கண்டு கூறியிருக்கலாம். கண்ணின் உட்பகுதியைக் கெடுக்கும் என்ற தொடருக்கு இறுதியாகச் சொன்னதே அண்மையது. இம்மூன்றனுள் ஒன்றனைத் துணிந்து நிறுவச் சான்று போதாது. ஆயினும் டெமோடெக்ஸ் அன்று என்பதற்கு மேற்கூறிய மூன்று தடைகளும் போதுமானவை.

6. பொருந்துவனவும் உள

இவ்வாறு கூறுவதால் பண்டைய வருணனைகள் எவையும் இன்றைய நோய்களோடு பொருந்தா என்பது நம் கருத்தன்று. லகணம் என்பதனை எடுத்துக்கொள்வோம். பழுக்காத, கடினமான, பருத்த, வலியற்ற, இலந்தைப்பழ அளவினதான இமைக்கட்டி என்று நூல் அதனை வருணிக்கின்றது. மெய்போமியன் சுரப்பி அடைபடுவதால் தோன்றும் வலியற்ற கட்டியோடு இவ்வருணனை ஏறத்தாழ முழுமையாகப் பொருந்துகின்றது. அதற்கு விதிக்கப்பட்ட கீறித் திறக்கும் முறையும், தானே கரையாத கட்டிகளுக்கு இன்று செய்யப்படும் சிறு அறுவையோடு ஒத்துச்செல்கின்றது. அவ்வாறே எரிச்சலும் குத்தலும் உடையதாய், செம்பு நிறமாய், சிறிதாய், மென்மையாய்த் தோன்றும் அஞ்சனநாமிகையை நம் மக்கள் 'கண்கட்டி' என்று வழங்கும் நோயாகக் கொள்வதில் பெருந்தடை இல்லை. வருணனையும் மருத்துவமும் ஒருசேரப் பொருந்தும் இடங்கள் இவை.

அங்ஙனமாயின் நாட்பட்ட இமையழற்சிக்கு நெருங்கிய பெயர் உத்தரதந்திரத்தில் உண்டா? உண்டு எனலாம். இமை நோய்கள் இருபத்தொன்றனுள் 'அக்லின்னவர்த்மம்' என்பதும் ஒன்று. கழுவினாலும் கழுவாவிட்டாலும் இமைகள் மீண்டும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவை பழுத்துச் சீழ்கொள்வதில்லை என்பது அதன் வருணனை. அதன் அருகில் கூறப்படும் 'பிரக்லின்னவர்த்மம்' வலியின்றி வெளியே வீங்கி, உள்ளே ஈரங்கசிந்து, அரிப்பும் குத்தலும் மிக்கதாகும். இவ்விரண்டிலும் கிருமி பற்றிய பேச்சே இல்லை. ஆனால் இமையழற்சி உடையோர் நாள்தோறும் காலையில் படும் துன்பம் இச்சிறு வருணனைகளில் அடங்கியுள்ளது. மீண்டும் மீண்டும் என்ற அச்சொல்லே நோயின் நாட்பட்ட தன்மையைக் காட்டுகின்றது.

மருத்துவமுறைப் பகுப்பும் இதற்கு அரண் செய்கின்றது. இவ்விரு நோய்களும் கருவி படாமல் மருந்தால் தீர்க்கத்தக்க பன்னிரண்டனுள் வைக்கப்பட்டுள்ளன. கிருமிக்கிரந்தி கீறுவதற்குரியது, இவை கீறலாகாதவை. இன்றைய இமையழற்சி எப்பக்கம் சாரும் என்பது வெளிப்படை.

ஆகவே, கிருமி என்ற சொல்லின் கவர்ச்சியால் பொருந்தாத பெயர் முன்னுக்கு வந்தது. அக்கவர்ச்சி இல்லாமையால் பொருந்தும் பெயர் பின்தங்கிவிட்டது. முன்னோர் நுண்ணுயிரைக் கண்டனர் என்று பெருமை பேச முற்பட்டதில், அவர்கள் உண்மையிலேயே கண்டு எழுதியதை நாம் காணத் தவறிவிட்டோம் எனலாம்.

7. தமிழுக்கு வந்த வழி

இச்சொல்லாட்சிச் சிக்கல் தமிழுக்கும் உரியதே. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆட்சியிலிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் மருத்துவத்திற்குத் தனியிடம் அளிக்கப்பட்டது. அவர் கால நோயாளர் குறிப்புகளும் கண்ணோய் ஓவியங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் பேணப்பட்டன. அந்நூலகம் வெளியிட்ட சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் கண்ணோய்க்கெனத் தனி நூலும் உண்டு. சென்னையில் 1819இல் கண் மருத்துவமனை நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். இவ்வாறு ஒரே நூற்றாண்டில் வடமொழி வழிவந்த பெயர்களும், சித்த மருத்துவப் பெயர்களும், மேலை மருத்துவப் பெயர்களும் தமிழில் அருகருகே வந்து நின்றன. ஒன்றற்கு மற்றொன்றைப் பெயராக வழங்கும் வேட்கை அச்சூழலில் எழுந்தது வியப்பன்று.

ஆனால் நோய்ப்பெயரை மொழிபெயர்ப்பது பழத்தின் பெயரை மொழிபெயர்ப்பது போன்றதன்று. ஒரு நோய்ப்பெயருக்குள் உடல் பற்றிய ஒரு கோட்பாடு அடங்கியுள்ளது. வளி, பித்தம், ஐயம் என்னும் மூன்றன் மிகுதி குறைவால் நோயை விளக்கும் முறையில் பிறந்த பெயரும், சுரப்பி, நுண்ணுயிர், திசு ஆகியவற்றால் விளக்கும் முறையில் பிறந்த பெயரும் ஒரே உடலைச் சுட்டினும் ஒரே பொருளைச் சுட்டுவதில்லை. எனவே 'கிருமிக்கிரந்தி' போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வருணனையையும் மருத்துவத்தையும் மாணவர்க்கு எடுத்துரைப்பதே நேர்மையான முறை. இன்றைய நோய்க்கு 'இமையழற்சி' என்னும் தெளிவான தமிழ்ச்சொல் உள்ளது. பீளை, கண்கட்டி, செதில் என மக்கள் நாவில் வாழும் சொற்களும் உள்ளன. அவற்றைக் கொண்டே இந்நோயை விளக்கிவிடலாம்.

8. தீர்த்தலும் தாங்குதலும்

இனி, உத்தரதந்திரத்தின் பகுப்பில் நாம் பெரிதும் போற்றத்தக்கது யாது எனக் காண்போம். தீரும் நோய், தீராத நோய் என்ற இரண்டிற்கும் இடையே 'யாப்பியம்' என்ற மூன்றாம் வகையை அது வைத்துள்ளது. மருத்துவம் தொடரும் வரை நோய் அடங்கியிருக்கும். மருத்துவம் நின்றால் தலையெடுக்கும். விழவிருக்கும் வீட்டிற்கு நன்கு கொடுத்த முட்டுப் போன்றது அம்மருத்துவம் என்று சுசுருத சங்கிதை உவமை கூறுகின்றது. கண்ணோய்களுள் இவ்வகையில் அடங்கும் ஏழனுள் ஒன்று இமையைச் சார்ந்த பட்சுமகோபம், அதாவது இமைமயிர் உட்புறம் திரும்பி விழியை உறுத்தும் நோய். அக்லின்னவர்த்மம் இவ்வகையில் வைக்கப்படவில்லை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆயினும், இக்கருத்தாக்கம் இன்றைய இமையழற்சிக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றது. தமிழில் இதனைப் 'பேணத்தகு நோய்' என்று வழங்கலாம் என்பது நம் பரிந்துரை.

இமையழற்சிக்கு ஒருமுறை உண்டு முடிக்கும் மருந்து இல்லை. அதன் மருத்துவம் நாள்தோறும் செய்யும் பேணுதலில் அடங்கியுள்ளது. சுடாத அளவிற்கு வெந்நீரில் நனைத்த தூய துணியை மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை வைத்து, ஆறும்போது மீண்டும் நனைத்திடுதல் வேண்டும். கெட்டிப்பட்ட நெய்மம் இளகுவதற்கு வெம்மை தொடர்ந்து கிடைத்தல் இன்றியமையாதது. பின்னர் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரல் நுனியால் மெல்ல நீவி, நெய்மத்தை வாயில்வழி வெளிப்படுத்துதல் வேண்டும். அதன்பின் இமை தூய்மைக்கென விற்கப்படும் துடைப்பானாலோ மருத்துவர் அறிவுறுத்தும் நீர்மத்தாலோ மயிரடியைத் துடைத்துச் செதிலை நீக்குதல் வேண்டும். தொடக்கத்தில் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ செய்து, தணிந்த பின்னும் விடாது தொடர்தல் நலம். தேவைப்படின் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்போ மாத்திரையோ டெமோடெக்ஸிற்குரிய மருந்தோ மருத்துவர் அளிப்பர்.

உத்தரதந்திரம் இமையைச் சுரண்டும் மருத்துவத்திற்கு முன் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றடமிடச் சொல்கின்றது. அது அறுவைக்கு முந்திய ஆயத்தம். இன்றைய ஒற்றடம் தனித்த மருத்துவம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இமைக்கு வெம்மை நன்று என்னும் பட்டறிவு இரண்டிற்கும் பொதுவானது என்று கூறுவதில் பிழையில்லை.

செய்யத்தகாதனவும் உண்டு. கண்கட்டி உடற்சூட்டால் வருவது என்று கருதி நாமக்கட்டியைக் குழைத்துப் பூசுவது நம்மவரிடையே வழக்கம். இமைத்தோலின் மேல் பூசுவது அடைபட்ட சுரப்பியைத் திறப்பதில்லை; கண்ணுக்குள் படின் உறுத்தும். ஈயம் கலந்த சுர்மா, கண்மை வகைகள் உள்ளமையால் அழற்சியுற்ற இமையில் அவற்றைத் தீட்டுதல் கூடாது. தேயிலை மர எண்ணெயைக் கலப்பின்றிக் கண்ணருகில் இடுதல் கருவிழியைப் புண்ணாக்கும்.

இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. ஒரு கண்ணில் மட்டும் தங்கி, மருந்திற்கு அடங்காது, இமைமயிரை உதிர்க்கும் 'அழற்சி'யும், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் எழும் 'கட்டி'யும் நெய்ச்சுரப்பிப் புற்றுநோயாக இருக்கக்கூடும். இமைப் புற்றுநோய்களுள் இவ்வகையின் பங்கு மேலை நாட்டினரைக் காட்டிலும் ஆசிய மக்களிடையே மிகுதி. அது பல காலம் இமையழற்சிபோலவே தோற்றமளித்து ஏமாற்றவல்லது. கடும் வலி, ஒளி காணக் கூசுதல், பார்வை மங்குதல் ஆகியவை தோன்றினும் காலந்தாழ்த்தாது கண் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

நோய்ப்பெயர்ப் பொருத்தம் வெறும் ஏட்டுச் சிக்கலன்று என்று நாம் கருதுவது இதனாலேயே ஆகும். 'இது நம் நூலில் சொன்ன கிருமிக்கிரந்திதான்' என்று ஒருவர் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டு, கிருமியைக் கொல்லும் எண்ணெயைத் தேடி ஓராண்டைக் கழிப்பாராயின், தவறான மொழிபெயர்ப்பின் விலையை அவர் கண் கொடுக்க நேரிடும்.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகளுக்கு நாம் வருகின்றோம். உத்தரதந்திரத்தின் கிருமிக்கிரந்தியை டெமோடெக்ஸால் வரும் இமையழற்சியாகக் கொள்வதற்கு அந்நூலின் வருணனையும் பெயரும் மருத்துவமுறையும் இடந்தரவில்லை. நாட்பட்ட இமையழற்சிக்கு அண்மையில் நிற்பவை அக்லின்னவர்த்மமும் பிரக்லின்னவர்த்மமும் ஆகும். லகணம், அஞ்சனநாமிகை ஆகியவற்றின் பொருத்தம் ஏற்கத்தக்கது. பொருத்தம் காண்போர் வருணனையை மட்டுமன்றி அந்நூலே விதிக்கும் மருத்துவத்தையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.

நுண்ணோக்கி இல்லாத காலத்தில் நுண்ணுயிரைக் காணாதது எந்த மரபிற்கும் இழுக்கன்று. கழுவியும் கழுவியும் ஒட்டிக்கொள்ளும் இமையைக் கூர்ந்து கண்டு, அதற்கு ஒரு பெயரிட்டு, அங்குக் கத்தி வைக்கலாகாது என்று வரையறுத்ததும், தீர்க்க இயலாத நோயையும் கைவிடாது தாங்கிப் பிடிக்கலாம் என்று ஒரு வகை வகுத்ததும் பெரிய மருத்துவ அறிவே ஆகும். மாணவர்க்கு நாம் எடுத்துக்காட்ட வேண்டுவது அவ்வறிவையே.